கொடிக்கால் தண்ணீர்

1978 ஏப்ரல் 17, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் அறைகிறது. மேற்கு மலை புழுதியில் தெரியவில்லை. இடது கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன், பிரயோசனம் இல்லை.

வேலை: கூடலூருக்கு இந்தப் பக்கம் புது லாரி ஸ்டாண்டு திறப்பு விழா. அழைப்பிதழில் பத்து மணி. மதுரைப் பிரமுகர் வந்து சேர்ந்தது பன்னிரண்டரை. அதுவரை மேளக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

பார்த்தவை: நுழைவில் வளைவு, அதில் பெயர்கள். சிமெண்டுத் தரை, இப்போதே விரிசல். குழாய்கள் ஒரு வரிசை. குளிக்கத் தொட்டி. கக்கூஸ் இரண்டு, இரண்டும் பூட்டு. ராத்திரி டிரைவர்கள் படுக்க ஒரு கொட்டகை. தூண்கள் வந்துவிட்டன, கூரை வரவில்லை.

பிரமுகர் முதல் குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுந்தது. கைதட்டல், புகைப்படம். நான் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். உயரத்தில் ஒரு பீப்பாய், அதிலிருந்து ரப்பர் டியூப் அந்த ஒரு குழாய்க்கு மட்டும். மற்றக் குழாய்களுக்குப் பின்னால் எதுவும் இல்லை. போர் போட்டதில் புகைதான் வந்ததாம். ஓவர்சியர் சொன்னார்: “வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா தன்னால ஊறிரும் சார்.” வாய்க்காலில் தண்ணீர் விடுவது ஜூன் மாதம்.

எழுதியது: ஸ்டாண்டு திறக்கப்பட்டது. ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது. இரண்டாவது வாக்கியத்தை மதுரைப் பத்திரிகை ஆபீசில் வெட்டிவிடுவார்கள். இருந்தாலும் எழுதி, கவரைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாயிற்று.

மனைவி வடுகபட்டியில், தங்கை வீட்டில். ரசம் வைக்கப் புளி இல்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

நேற்றைய செய்தி வந்திருக்கிறது. பிரமுகர் படம் பெரிதாக. இரண்டாவது வாக்கியம் இல்லை.

டிரைவர்கள் உண்மையில் எங்கே குளிக்கிறார்கள் என்று பார்க்க சைக்கிளில் போனேன். தெரிந்த இடம்தான். ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ரோட்டை ஒட்டி வேலுச்சாமியின் கொடிக்கால். ஒரு ஏக்கர். அகத்தி மரங்களில் ஏற்றிவிட்ட வெற்றிலைக் கொடி, உள்ளே நுழைந்தால் குகை மாதிரிக் குளிர்ச்சி. இரண்டாம் வருஷக் கொடி. இனிமேல்தான் முழு மகசூல். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இதை விட்டால் வேறு நிலம் கிடையாது. சித்திரை வெயிலில் கொடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நாலு நாள் இல்லாமல் போனால் கொடி செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

ரோட்டோரப் புளிய மரங்களின் கீழ் லாரிகள். தூத்துக்குடி உப்பு, விருதுநகர்ச் சரக்கு, சங்ககிரி வண்டிகள். ராத்திரி அங்கேயே நிறுத்தித் தூங்கிவிட்டு, காலையில் குளித்து, முன் பக்கம் எலுமிச்சம்பழம் கட்டிக் கற்பூரம் காட்டித்தான் குமுளி மலை ஏறுவார்கள். குளிக்காத உடம்போடு மலையில் ஸ்டீயரிங் பிடிக்க மாட்டார்கள். வாய்க்கால் ஓடும் மாதங்களில் கவலை இல்லை. வறண்ட மாதங்களில் வேலுச்சாமியின் மோட்டார்தான்.

பத்து மணிக்குக் கரண்டு வரும். அதற்கு முன்னாலேயே துண்டும் சோப்புமாக வரப்பில் வரிசை. மோட்டார் உறுமியதும் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. சோப்புத் தண்ணீர் கொடிக்கு ஆகாது என்பதால் வேலுச்சாமி அதற்குத் தனி வாய்க்கால் வெட்டி, ஓரத்து வாழைக்குத் திருப்பியிருக்கிறார். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

மோட்டார் ரூம் சுவரில் ஒரு தகர போர்டு. சங்ககிரியில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் ஆளை வைத்து எழுதிக்கொண்டு வந்து டிரைவர்கள் மாட்டியது. இரண்டு மூலையில் தாமரை, நடுவில் இரண்டு கிளி. “கொடிக்கால் வேலுச்சாமி அண்ணன் மோட்டார். லாரி டிரைவர்கள் குளிக்குமிடம். நன்றி, மீண்டும் வருக.”

“கிளி எதுக்கு?” என்று கேட்டேன்.

“பெயின்டரு கிளி இல்லாம போர்டு எழுத மாட்டாராம் சார்,” என்றார் அந்தோணி. உப்பு லாரி டிரைவர், தூத்துக்குடி. தலையில் சோப்பு நுரை. “எங்க அண்ணாச்சிக்கு நாலு கிளி போடச் சொன்னேன். ரெண்டுதான் போட்டான்.”

வேலுச்சாமி மண்வெட்டியை ஊன்றி நின்றார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. “போர்டு கிடக்கட்டும். சோப்பக் கொடிப் பக்கம் விடாம குளிங்கடா. அன்னைக்கு ஒருத்தன் விட்டுட்டான், நாலு மூடு கருகிப் போச்சு.”

“அது சங்ககிரிக்காரன் அண்ணாச்சி. நம்ம ஆளு இல்ல.”

பின்னால் குளித்துக்கொண்டிருந்த சங்ககிரிக்காரர் செம்போடு தண்ணீரை அந்தோணி மேல் வீசினார். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். அவர் வண்டியிலும் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறது. கேட்டதற்கு, “மலைக்கு எந்தச் சாமி டியூட்டில இருக்காருன்னு நமக்குத் தெரியாதுலா?” என்றார்.

செய்தியாக எழுதவில்லை. எழுதினால் யாராவது படிப்பார்கள்.

ஏப்ரல் 20, வியாழன்

வெயில் அதேதான். சைக்கிள் பின் டியூப் ஒட்டினேன்.

டீக்கடையில் ஸ்டாண்டு குத்தகைக்காரர். ஏலத்தில் எடுத்தவர். போலீஸ்காரர்கள் ரோட்டோரத்தில் லாரி நிறுத்தக் கூடாது என்று இரண்டு நாளாக விரட்டுகிறார்கள். லாரிகள் ஸ்டாண்டுக்குள் போகின்றன. டிரைவர்கள் வண்டியைப் பூட்டிவிட்டுத் துண்டோடு வேலுச்சாமி தோட்டத்துக்கு நடந்து போகிறார்கள். வழியெல்லாம் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

“இப்படி நடந்தா யாரு என்னைய மதிப்பா?” என்றார் அவர். “அரசாங்கம் கட்டுன குழாய விட்டுட்டு கண்டவன் தோட்டத்துல போயி குளிக்கிறாக.”

“உங்கள் குழாயில் தண்ணீர் இல்லையே.”

“அது வரும். அதுவரைக்கும் ஒருத்தன் தண்ணி குடுக்கிறான், இவங்களும் போறாங்க. அப்புறம் தண்ணி வந்தாலும் இங்கன எவன் வருவான்? பழகிருவாக சார்.”

நியாயம் இருப்பது போலத்தான் தோன்றியது, அவர் சொல்லும்போது. பிறகு டீக் கிளாசை வைத்துவிட்டு, குரலைத் தணித்து, “விவசாயக் கரண்டுல லாரிக்காரனக் குளிப்பாட்டலாமாண்டு கேட்டு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிருக்கு. யாரு போட்டாகண்டு எனக்குத் தெரியாது,” என்றார்.

பெட்டிஷன் போனதே ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 23, ஞாயிறு

பல் வலியால் சாப்பாடு இல்லை. மோர் மட்டும்.

வேலுச்சாமி வீட்டுக்குப் போனேன். கரண்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: புதன்கிழமை அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார். விவசாய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் துண்டிப்பு.

இராமுத்தாய், அவர் மனைவி, மோட்டார் ரூம் சுவரிலிருந்து போர்டைக் கழற்றி வைக்கோல் படப்புக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

“கிளியும் தாமரையும் வச்சு நம்ம கழுத்துல எழுதி மாட்டிட்டாக,” என்றாள். “அன்னைக்கே சொன்னேன். இந்த மனுசன் கேட்டாராண்டு கேளுங்க. போர்டப் பாத்து பல்லக் காமிச்சுக்கிட்டு நின்னாரு.”

“நீயும்தான கிளி நல்லாருக்குன்ன.”

“கிளி நல்லாத்தான் இருக்கு. அதுக்காக?”

வேலுச்சாமி டீக்கடை மூலம் லாரிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: புதன்கிழமை ஆபீசர் விசாரணைக்கு வருகிறார், அன்றைக்கு யாரும் குளிக்க வர வேண்டாம். ஒரு நாள்தானே. அதிகாரி பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேலுச்சாமி என்னிடம்: “நான் கொடிக்குத்தான் மோட்டார் போடுறேன். விழுகிற தண்ணியில அவுக உடம்பக் காட்டுறாக. அதுல என்ன சார் குத்தம்?”

குற்றம் இருக்கிறது என்றேன். விதியில் இருக்கிறது.

ஏப்ரல் 26, புதன்

இதை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். அச்சில் வராது.

பதினொரு மணிக்கு ஜீப். அதிகாரி இளைஞர், கண்ணாடி, நன்றாகப் பேசுகிறார். மூன்று நாளாக இப்படி ஐந்தாறு தோட்டம் பார்த்துவிட்டாராம். களைப்பு முகத்தில் தெரிந்தது. தோட்டத்தில் ஒரு டிரைவர் இல்லை. வரப்பு காலி.

கிணற்றை எட்டிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். வாழைக்குப் போகும் வாய்க்காலருகில் நின்றார்.

“இதுல சோப்பு வாசம் வருதே.”

“வீட்டுல துவைக்கிறாக சார்.”

“தினமுமா?”

“அழுக்கு தினமும்தான சேருது,” என்றாள் இராமுத்தாய், பின்னாலிருந்து.

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு அப்போதே புரிந்தது, அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாததாக எழுதிவிட்டுப் போக நினைக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். பேனாவைத் திறந்தார். புகாருக்கு ஆதாரம் தென்படவில்லை என்று எழுதியதை நான் பக்கத்திலிருந்தே படித்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

அப்போது ரோட்டிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். துவைத்த காக்கிச் சட்டை, படிய வாரிய தலை, சிலருக்குச் சந்தனம். முன்னால் அந்தோணி.

லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். ரோட்டில் ஒரு டிரைவர் கேஸில் மாட்டினால், அந்த வழியாகப் போகிற அத்தனை பேரும் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சாட்சி நிற்பார்கள். ஆள் கூடினால் கேஸ் உடையும் என்பது அவர்கள் அனுபவம். விசாரணை என்று டீக்கடையில் கேள்விப்பட்டதும் மலை ஏற இருந்த வண்டிகளைக்கூட நிறுத்தியிருக்கிறார்கள். குளிக்க வர வேண்டாம் என்று சொன்னதைத் தட்டவில்லை. ஒருவரும் குளிக்க வரவில்லை. சாட்சி சொல்ல வந்திருந்தார்கள்.

“ஐயா, எட்டு வருசமா இங்கனதான் குளிக்கேன்,” என்றார் அந்தோணி. “ஒரு நாளு இந்த மனுசன் முகஞ்சுளிச்சது இல்ல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன்.”

“ஏலே அந்தோணி, பேசாம போ,” என்றார் வேலுச்சாமி.

“நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. செஞ்சவுக சொல்லக் கூடாது. நாங்க சொல்லுதோம்.”

சங்ககிரிக்காரர் முன்னால் வந்தார். “தெனமும் இருபது வண்டிங்க சார். அத்தனை பேருக்கும் தண்ணி.”

“என்ன இருபதுங்கிற?” என்றார் இன்னொருவர். “நாப்பது வண்டி சார். திருவிழாச் சமயம்னா கணக்கே கிடையாது.”

“பஸ் டிரைவருகளும் வருவாக சார்.”

எண்ணிக்கை ஏற ஏற வேலுச்சாமியின் புண்ணியம் ஏறுவதாக அவர்கள் எண்ணம். ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். இராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டார்: “கொடிக்குப் பாயும்போது கூடவே குளிக்கிறீங்க. அப்படித்தானே?”

நல்ல மனிதர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் தப்பிக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி.

“கொடிக்குப் பாஞ்சு முடிஞ்ச பொறவும் எங்களுக்காகத் தனியா மோட்டார் போட்டு விடுவாரு சார்,” என்றார் அந்தோணி. “யாரு செய்வா இந்தக் காலத்துல?”

இதற்குள் ஒரு ஆள் சுவரைப் பார்த்துவிட்டு, போர்டு எங்கே என்று தேடத் தொடங்கினான். படப்பில் தகர ஓரம் தெரிந்தது. உருவி எடுத்து, வைக்கோலைத் துண்டால் தட்டி, அதிகாரிக்கு நேராகப் பிடித்தான். “நாங்களே எழுதி வச்சது சார்.”

அதிகாரி படித்தார். கிளிகளையும் பார்த்தார். எழுதிய வரியை அடித்தார்.

ஜீப்பில் ஏறுமுன் என்னிடம், மெதுவாக: “ஒண்ணும் பார்க்கலைன்னுதான் எழுதினேன், நீங்களே பார்த்தீங்க. இப்ப இத்தனை பேர் வாக்குமூலம். இதுல ஒருத்தர் வெளியே பேசினாலும் என் வேலை போயிடும். போதாததுக்குப் பத்திரிகைக்காரர் நீங்க வேற நிக்கிறீங்க.”

நான் எழுத மாட்டேன் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். உண்மைதான், சொல்வார்கள்.

அந்தோணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கேஸ் முடிஞ்சிட்டு சார். ஆபீசர் வாயே தொறக்கல பாத்தீகளா?” போர்டை மறுபடி சுவரில் மாட்டிவிட்டுத்தான் போனார்கள்.

இராமுத்தாய் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். “நல்ல மனசோட வந்து குழி தோண்டிட்டுப் போறாக,” என்றாள். “வையக்கூட முடியல.”

ஏப்ரல் 27, வியாழன்

லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்தார். உள்ளூர்ப் பையன்தான், வேலுச்சாமிக்குத் தூரத்து உறவு. கம்பத்திலிருந்து இறங்கி, “என்னையத் தப்பா நினைக்காதீக மாமா,” என்றார். வேலுச்சாமி அவருக்கு வெற்றிலை கிள்ளிக் கொடுத்தார். என்ன மனுஷன்.

டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. மோட்டாரையே பாதிக் கிணற்றில் திட்டு வெட்டி இறக்கி வைத்திருக்கிறார். டீசல் என்ஜினை அங்கே இறக்கினால் புகை ஆளைக் கொன்றுவிடும். மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் மோட்டார்த் தண்ணீரைத் திருப்பிவிடத் தயார்தான். ஆனால் நாளைக்குத் தன் இணைப்பையும் வெட்டிவிட்டால்? அவரைக் குறை சொல்ல முடியாது.

குடத்தில் இறைத்து ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஏக்கருக்குக் குடத்தில்.

ஏப்ரல் 29, சனி

தேனி போய்வந்தேன். பஸ்ஸில் நின்றபடியே. வீரபாண்டி வரும்வரை ஒரு வெற்றிலைக் கூடை காலில் இடித்துக்கொண்டே வந்தது.

கரண்டு ஆபீஸ் மேலதிகாரி உட்காரச் சொன்னார், ஃபேனைத் திருப்பிவிட்டார். விளக்கக் கடிதம், மறு பார்வை, மேலிடத்து உத்தரவு. திரும்ப இணைப்புக் கிடைக்க எப்படியும் ஆனி மாதம் ஆகிவிடுமாம்.

“அதற்குள் கொடி செத்துவிடும்,” என்றேன்.

“டிரைவருங்களுக்குக் குளிக்க இடம் இல்லைன்னா பரவாயில்லை, அனுதாபப்படலாம். புது ஸ்டாண்டுல குழாய் இருக்கே. நீங்கதான் செய்தி போட்டிருந்தீங்க.”

தண்ணீர் வராத குழாய் என்றேன்.

“அது என் டிபார்ட்மெண்ட் இல்லை சார். உங்க செய்தியில அப்படி இல்லையே?”

மேஜைக் கண்ணாடியின் கீழ் பேத்தி படம் வைத்திருக்கிறார். நல்லவராகத்தான் இருக்க வேண்டும், வீட்டில்.

திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன். ஸ்டாண்டில் தண்ணீர் இல்லாதது, டிரைவர்கள் மலை ஏறுமுன் குளிக்கும் வழக்கம், ஒரு விவசாயி வருஷக் கணக்கில் தண்ணீர் கொடுத்தது, இணைப்புப் போனது, கொடி காய்வது. அதிகாரியின் முதல் வரியைப் பற்றி எழுதவில்லை. பெயரடை ஒன்றும் போடவில்லை. முழுப் பக்கம் ஆயிற்று. கவரில் அவசரம் என்று எழுதிக் கோடு போட்டேன்.

மே 1, திங்கள்

வந்திருக்கிறது. ஏழாம் பக்கம், கீழே, கல்யாண மண்டப விளம்பரத்துக்கு மேல்.

“விவசாய மின்சாரத்தில் லாரிக் குளியல்: இணைப்பு துண்டிப்பு.” கூடலூர் அருகே விவசாய மின் இணைப்பை முறைகேடாகப் பயன்படுத்தியதாக ஒரு விவசாயியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. விசாரணை நடக்கிறது. அவ்வளவுதான்.

மதுரை ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கிடைத்தது. உதவி ஆசிரியர், வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர்.

“தலைப்பு எப்படிண்ணே? நான்தான் வச்சேன்.”

“மீதி எங்கே தம்பி?”

“இடம் இல்லண்ணே. விளம்பரம் வந்துருச்சு. ஒண்ணு தப்பா இருந்தாச் சொல்லுங்க, திருத்தம் போட்டுருவோம்.”

தப்பு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் சரி. போனை வைத்துவிட்டேன்.

மே 3, புதன்

கொடியின் நுனிகள் தொங்கத் தொடங்கிவிட்டன. கீழ் இலைகள் மஞ்சள். இராமுத்தாய்க்குக் கைகளில் கொப்புளம், கயிறு இழுத்து. கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் இன்றோடு நின்றுவிட்டார்கள்.

நான் அங்கே இருக்கும்போதே அந்தோணியின் லாரி வந்து நின்றது. கேரளத்தில் உப்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவர். லோயர் கேம்ப் பக்கம் ஆற்று மடுவில் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து, உப்பு மூடும் தார்ப்பாயை லாரிப் பெட்டிக்குள் விரித்து, உடன் வந்த டிரைவர்களோடு வாளி வாளியாக மொண்டு நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் சிந்திவிட்டது. மீதி இருந்தது. நாலு பேருக்கும் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

“கரண்டக் கட் பண்ணிட்டா விட்டுருவமா?” என்றார். கேஸ் எப்படிப் போயிற்று என்பது இன்னும் அவருக்கு விளங்கவில்லை. யாரோ மேலே காசு கொடுத்துத் தீர்ப்பை மாற்றிவிட்டதாக நினைக்கிறார். “தெனமும் ஒரு வண்டி வரும் அண்ணாச்சி. எல்லாரட்டயும் சொல்லிட்டேன்.”

வேலுச்சாமி பின் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, கையில் அள்ளி வாயில் விட்டார். பிறகு இறங்கினார்.

“கொடிக்கு இப்பத்தான் குடத்துல ஊத்துனோம்,” என்றார். “அந்தக் கோடியில தென்னை நிக்குது பாரு, அதுக்கு ஊத்துங்க. அதுதான் ரொம்பக் காஞ்சு கிடக்கு.”

ஊற்றினார்கள். பாடிக்கொண்டே ஊற்றினார்கள். இராமுத்தாய் எல்லோருக்கும் கூழ் கரைத்துக் கொடுத்தாள்.

லாரி போன பிறகு தென்னை மூட்டில் தேங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எட்டு வருஷ உப்பு ஊறிய தார்ப்பாய். தென்னை தாங்கும், கொடி தாங்காது.

“சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“எம்புட்டுத் தூரத்துல இருந்து தூக்கியாந்துருக்கான். மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?” பிறகு, “சொன்னா தார்ப்பாயக் கழுவிட்டு நாளைக்கும் வருவான் சார்,” என்றார்.

மே 7, ஞாயிறு

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு. பேச வேண்டியதில்லை, நல்லதுதான்.

தேனி வெற்றிலைக் கமிஷன் கடையிலிருந்து ஆள் வந்து, தோட்ட வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே வரவில்லை. கொடிகள் அகத்தியில் கயிறு மாதிரித் தொங்குகின்றன. தொட்டால் இலை பொடிகிறது. நேற்றோடு குடமும் நின்றுவிட்டது.

ஸ்டாண்டில் குத்தகைக்காரர் நாலு பீப்பாய்த் தண்ணீர் வரவழைத்து வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு வாளி. டிரைவர்கள் துண்டை நனைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அந்தோணியை இந்த வாரம் காணோம். சின்னமனூர்ப் பக்கம் எங்கேயோ கிணறு பார்த்துவிட்டார்களாம்.

குத்தகைக்காரர் என்னைப் பார்த்ததும் அவராகவே வந்தார். “கொடி காஞ்சிரும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? குளிக்கிறத மட்டும் நிப்பாட்டச் சொல்வாகண்டு நினைச்சேன்.”

இவருடைய அப்பா வடுகபட்டியில் கொடிக்கால் வைத்திருந்தவர். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

பஞ்சு வாயிலிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மே 12, வெள்ளி

மேகம் கூடிக் கலைந்தது. நாலு துளி.

மனைவி நாளை வருகிறாள். வீடு பெருக்க வேண்டும். அரிசி, சீரகம், மண்ணெண்ணெய்.

கொடிக்காலை அழிக்கிறார்கள். கொடியை அறுத்துக் குவித்துவிட்டு, அகத்தியை வெட்டி ஆட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். இதுவரை நிழலாகவே பார்த்த இடம், நடுவில் நின்றால் ரோடு வரை தெரிகிறது. கடமலைக்குண்டுப் பக்கம் யாரோ தோட்ட வேலைக்கு ஆள் தேடுகிறார்களாம். புருஷன் பெண்டாட்டி இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவர் கொடிக்காலில் தண்ணீர் கட்டும் வேலை.

நான் விடைபெறலாம் என்று எழுந்தபோது ஒரு லாரி வந்து நின்றது. சேலம் பக்கத்து வண்டி. இளவயது டிரைவர், இந்தப் பாதைக்குப் புதியவர் போலிருக்கிறது. தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. வெட்டிப்போட்ட அகத்திகளைத் தாண்டி வந்து இராமுத்தாயிடம் கேட்டார்:

“அக்கா, இங்க ஒரு அண்ணன் மோட்டார்ல குளிக்க விடுவாருன்னு சொன்னாங்க. அவர் இருக்காருங்களா?”

“அவரு செத்துப் போயிட்டாரு தம்பி,” என்றாள் இராமுத்தாய்.

வேலுச்சாமி நாலு அடி தள்ளி உட்கார்ந்து அகத்திக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அரிவாள் நிற்கவில்லை.

“நல்ல மனுசன்,” என்றார்.

டிரைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மோட்டார் ரூமைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.